பத்து வெள்ளியும் இரண்டாம் கணக்கும்

கெடாத் தோட்டத்து ஆள்கள் படிப்புக்குப் பணம் புரட்டிய கதையை 1960இலிருந்து சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். லயத்துச் சனம் போக்கிடமில்லாமல் நின்றது. அப்போதுதான் பின்னாளில் துன் ஆன வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி கேட்டார். நாள்கூலியே மூன்று வெள்ளியைச் சுற்றி இருந்த காலம். அப்படிச் சேர்ந்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1961இல் முதன்முதலாக வாங்கிய தோட்டம் எங்கள் கெடாவின் புக்கிட் சீடிம். எங்களுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

நிலம் வாங்கப் பிறந்த சங்கம் பிறகு அங்கத்தினர் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவியது. 1984இல் ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) அமைத்த எம்.ஐ.இ.டி. என்னும் கல்வி அமைப்பு கல்விக்கடன் கொடுத்தது, அதன் முயற்சியால் 2001இல் சுங்கைப் பட்டாணியில் தற்காலிக இடத்தில் தொடங்கிய ஏய்ம்ஸ்ட், பின்னர் செமலிங்கில் பெரிய பல்கலைக்கழகமாக எழுந்தது. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் உதவி என்றாலே பெரும்பாலும் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு என்றுதான் பேச்சு. பால்வெட்டிய என் அம்மாவும் அப்படியே நினைத்தார். “எனக்கெதுக்கு படிப்புக் காசு? புள்ளைங்களுக்குக் குடுத்தா போதாதா?” என்பார்.

வயது வந்தவர்களுக்கு முதலில் கதவு திறந்தது பினாங்கில். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இல் வேலை பார்ப்பவர்களுக்குத் தொலைக்கல்வி தொடங்கியது. பினாங்குப் பாலம் 1985இல்தான் வந்தது. அதுவரை அங்கே படித்த கெடா ஆசிரியர்கள் பட்டர்வொர்த்தில் பெரி ஏறித்தான் போனார்கள். கட்டணத்துக்குக் கூட்டு எடுப்பார்கள்; ஆளுக்குக் கொஞ்சம் மாதாமாதம் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுக்கும் சீட்டு அது. அதுவும் போதாவிட்டால் மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகும். சிலது திரும்பி வந்தது.

பால்வெட்டப் போனவர்களுக்கும் ஆலைக்குப் போனவர்களுக்கும் வழி பிறக்க இன்னும் பல வருடம் பிடித்தது. ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். சான்றிதழ் இல்லாவிட்டாலும் 21 வயதும் வேலை அனுபவமும் இருந்தால் பட்டப்படிப்பில் சேரலாம் என்னும் ‘அப்பெல்’ திட்டம் 2011இல் வந்தது. பணத்துக்கு ஊழியர் சேமநிதி (இ.பி.எஃப்.). 1951இல் அது அமைந்தபோது தொழிலாளிக்கு 5, முதலாளிக்கு 5 விழுக்காடு. முதுமைக்கென்று பிடித்த காசு. பிற்பாடு சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து படிப்புக்கும் எடுக்கலாம் என்றார்கள், பிள்ளைக்கு மட்டுமல்ல, தனக்கும்.

நான் அப்படி எடுத்தவள். பக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்த்தபோது பிடித்த காசு, நாற்பது வயதுக்கு மேல் பாலர்பள்ளி டிப்ளோமாவுக்குக் கட்டணமானது. சேர்க்கைக் கடிதம், கட்டணப் பட்டியல், அடையாள அட்டை. சேமநிதி அலுவலக முகப்பில் இருந்த பெண் பட்டியலைப் புரட்டிவிட்டு, “பிள்ளைக்கா?” என்றாள். “எனக்குத்தான்” என்றேன். யார் சிபாரிசும் தேவைப்படவில்லை. ஆனால் இதை உதவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழவியானபின் சோறு போட வேண்டிய காசு அது.

2024 மே மாதம் சேமநிதிக் கணக்குகளை மாற்றி அமைத்தார்கள். முன்பு சந்தாவில் 30 விழுக்காடு இரண்டாம் கணக்குக்குப் போகும். இப்போது படிப்புக்கு எடுக்கக்கூடிய ‘செஜாத்ரா’ கணக்குக்கு 15 விழுக்காடுதான். என்னோடு வேலை பார்க்கும் தங்கச்சிக்கு 46 வயது. பிடிபிடிஎன் என்னும் தேசிய உயர்கல்விக் கடனுக்கு 45தான் எல்லை. சம்பளம் 1,700 வெள்ளி. அவள் பங்கு 11, முதலாளி பங்கு 13 விழுக்காடு, ஆக மாதம் 408 வெள்ளி. அதில் செஜாத்ராவுக்கு 61 வெள்ளி 20 காசு. பழைய கணக்காயிருந்தால் 122 வெள்ளி 40 காசு. “அக்கா, இது சேர்றதுக்குள்ள நான் பேரன் எடுத்துடுவேன்” என்றாள். இந்த வருடம் எங்கள் கூட்டில் முதல் முறையை அவளுக்கே விட்டுவிடலாம் என்று மற்றவர்களிடம் பேசி வைத்திருக்கிறேன்.