எந்தப் பக்கம் நின்றார் நம் பாட்டனார்?



சென்ற மாதம் காங்கேயம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்த பின்னர், எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் என்னை உள் அறைக்கு அழைத்துச் சென்றார். மரப்பெட்டியைத் திறந்து, பழைய வேட்டித் துண்டில் முடிந்துவைத்திருந்த வட்டமான உலோகத் தகடொன்றை என் கையில் வைத்தார். ஈயத்தின் நிறம், ஓரங்கள் நசுங்கியிருந்தன. ஒருபுறம் ஒரு சிங்கம் ஒரு புலியைக் கீழே வீழ்த்தி அதன்மேல் நிற்கிறது. மேலே கொடியில் அரபு எழுத்துகள்.

“எங்க அப்பாருக்கு அப்பாரு, அவருக்கும் மேலே ஒரு பாட்டன் சின்னமலையோட படையிலே இருந்தாருங்க ஐயரே. இது அவரோடதுன்னு சொல்லுவாங்க. வருசா வருசம் ஆடிப் பதினெட்டுக்கு நான் ஓடாநிலை போறது அதுக்குத்தானுங்க” என்றார்.

எனக்கு உடனே பதில் சொல்ல நா எழவில்லை. அந்தத் தகடு எதுவென்று நான் அறிந்திருந்தேன். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டதைக் கொண்டாட, கிழக்கிந்தியக் கம்பெனி அடித்து வழங்கிய பதக்கம் அது. சிங்கம் பிரிட்டன், புலி திப்பு. உயர்ந்த பதவியினருக்குத் தங்கத்திலும், அடுத்த நிலையினருக்கு வெள்ளியிலும் வெண்கலத்திலும் கொடுத்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குக் கிடைத்தது வெள்ளீயம். ஆக, பெரியவரின் பெட்டியில் இருந்தது சின்னமலையின் எதிரிகள் தங்கள் கூலிப் படையாளுக்குக் கொடுத்த பரிசு.

உண்மையை அவரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னேன். அதன் பிறகு நடந்ததைக் கூறுமுன், அந்தக் காலத்தைச் சற்று உங்கள் கண்முன் நிறுத்த விரும்புகிறேன்.

திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டிலேயே தென்னாடு பற்றியெரிந்தது. விருப்பாட்சி கோபால நாயக்கர் முதலானோர் கூட்டணி அமைத்தனர். 1800 ஜூன் 3 அன்று கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்குவது அவர்கள் வகுத்த திட்டம். அந்த நாள் தற்செயலாகத் தேர்ந்ததன்று. அது முகரம் மாதத்தின் பத்தாம் நாள். கோட்டைக்குள் இருந்த இஸ்லாமியச் சிப்பாய்கள் துக்கம் அனுசரிக்கும் நாள். அவர்களுள் சிலர் முன்னர் திப்புவின் உப்பைத் தின்றவர்கள். வெளியிலிருந்து அடி விழுந்தால் உள்ளிருந்து கதவு திறக்கும் என்பது நம்பிக்கை. கோட்டை வீழவில்லை. பிடிபட்டவர்களில் 42 பேர் தூக்கிலிடப்பட்டனர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கோபால நாயக்கரும் மருது சகோதரரும் ஊமைத்துரையும் 1801இல் தூக்கு மேடை ஏறினர். தீரன் சின்னமலை எஞ்சி நின்று போராடி, 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

பாடநூல்கள் இதைப் பாளையக்காரர் போர் என்கின்றன. வெள்ளையர் ஒருபுறம், நம்மவர் மறுபுறம் என்ற சித்திரமே நம் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் கம்பெனிப் படையில் வெள்ளையர் எத்தனை பேர்? பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கரும் தக்காண முஸ்லிம்களுமே. எட்டயபுரம் பாளையக்காரரும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் கம்பெனியின் பக்கம் நின்றனர். ஒரே மொழி பேசியவர்கள், ஒரே ஆற்றுநீர் குடித்தவர்கள் எதிரெதிரே நின்றார்கள். அதனால் இதை உள்நாட்டுப் போர் என்று அழைக்க நான் தயங்கமாட்டேன். உங்களில் சிலர் இதை ஏற்கமாட்டீர்கள் என்பதையும் அறிவேன்.

ஒருவர் ஏன் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்தார்? மாதம் ஏழு ரூபாய். மழை பொய்த்தாலும் வந்துசேரும் ஏழு ரூபாய். சென்னைப் படையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. சிப்பாயின் மகன் சிறுவனாயிருக்கும்போதே அவனைப் பட்டாளத்துப் பையனாகப் பதிவேட்டில் சேர்த்து, சிறு சம்பளமும் கொடுத்தார்கள். தகப்பன் போரில் மடிந்தால் வீட்டுக்குக் கஞ்சி ஊற்றியது அதுதான். ஊரில் தாழ்த்தி வைக்கப்பட்டவனுக்குப் பட்டாளம் ஒரு சட்டையும் ஒரு பெயரும் கொடுத்தது. துரோகம் என்ற சொல்லை எடுக்கும் முன் இவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுபக்கத்திலும் இப்படித்தான். சின்னமலையின் ஒற்றராக இருந்து உயிர்நீத்ததாகச் செவிவழி வரலாறு போற்றும் பொல்லான், அருந்ததியர் குலத்தில் பிறந்தவர். தலைவர்களின் பெயர் கல்லிலும் பாட்டிலும் நின்றது. பொல்லானின் பெயரைப் பல தலைமுறைகள் அவருடைய சொந்த மக்களே வாயால் காத்துவந்தார்கள். அரசின் கவனம் அந்தப் பெயரின்மேல் விழுந்தது அண்மைக் காலத்தில்தான்.

இனி, உங்கள் முன்னோர் ஒருவரை இந்தப் போரில் தேட முற்பட்டால் என்ன கிடைக்கும்? அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். (அந்தப் போரால் அமெரிக்கப் பருத்தி நின்றுபோய், நம் கரிசல் காட்டுப் பருத்தி பொன் விலைக்குப் போனது, அது வேறு கதை.) அங்கே ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனி அட்டை எழுதி ஆவணக்காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். விடுதலைக்காகப் போரிட்ட கறுப்பினப் படைவீரரையும் அவர்களுடைய அதிகாரிகளையும் சேர்த்து 2,09,145 பெயர்கள் வாஷிங்டனில் ஒரு நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. பேரப்பிள்ளைகள் வந்து அந்தப் பெயர்களை விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.

நம் நிலை வேறு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் கம்பெனியின் இராணுவக் கடிதங்களும் மாவட்டப் பதிவுகளும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றில் கிளர்ச்சியாளனின் பெயர் பெரும்பாலும் அவன் பிடிபட்டால்தான் வரும். தப்பிப் பிழைத்தவனுக்கு ஏட்டில் இடமில்லை. கம்பெனிச் சிப்பாயின் கதியும் ஏறத்தாழ அதுவே. போர் முடிந்தபின் எழுதிய இழப்புப் பட்டியல்களில் வெள்ளை அதிகாரியின் பெயர் முழுமையாக இருக்கும். நம்மவருக்கு, ஜமேதார் இத்தனை, அவில்தார் இத்தனை, சிப்பாய் இத்தனை என்ற எண்ணிக்கை மட்டுமே. இரு பக்கத்தாரும் மறதியில் சமமாக்கப்பட்டனர்.

எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில், பாபிலோனிலிருந்து திரும்பியவர்களுள் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடி அதைக் காணாமற்போனதாக வாசிக்கிறோம். நீண்ட பெயர்ப்பட்டியல் என்று நாம் புரட்டிவிடும் பக்கம் அது. எழும்பூரில் ஒரு முழு நாள் உட்கார்ந்து, தேடிய பெயர் கிடைக்காமல் கோவை ரயிலேறிய பின்புதான் அந்த வசனத்தின் வலி எனக்கு விளங்கியது.

ஆகவே ஏட்டில் தொடங்காதீர்கள்; வீட்டில் தொடங்குங்கள். சுபேதார் வீடு, பட்டாளத்தார் தோட்டம் என்பன போன்ற வீட்டுப் பெயர்களையும் காட்டுப் பெயர்களையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அப்பிச்சி வழியையும் அம்மிச்சி வழியையும் விட்டுவிடாதீர்கள். பெண்வழிக் கதைகளில் அலங்காரம் குறைவு என்பது என் அனுபவம். பின்னர் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பாருங்கள். லண்டன் மிஷன் கோவையில் 1830இல் ஊழியம் தொடங்கியது; பழைய ஏடுகளில் தகப்பனின் தொழிலும் ஊரும் குறிக்கப்பட்ட இடங்கள் உண்டு. ஒரு சொல் போதும், ஒரு தலைமுறை பின்னோக்கிப் போகலாம்.

அந்தப் பெரியவரிடம் பதக்கத்தின் வரலாற்றை விளக்கியபோது அவர் முகம் வாடிற்று. நெடுநேரம் பேசவில்லை. ஒரு காரியத்தை நான் சேர்த்துச் சொன்னேன்: பதக்கத்தில் பெயர் இல்லை. அது பாட்டன் மார்பில் தொங்கியதாயிருக்கலாம், அடமானமாக வந்ததாயிருக்கலாம், மருமகள் சீதனமாகக் கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். இது ஆறுதலுக்காகச் சொன்னதன்று, பொருளைக்கொண்டு ஆளை நிறுவ முடியாது என்பதற்காகச் சொன்னது. அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. “ரெண்டு பக்கமும் நம்மாளுகதானுங்களே ஐயரே” என்றார்.

நியாயாதிபதிகள் புத்தகத்தின் முடிவில், இஸ்ரவேலர் தங்கள் சகோதரனாகிய பென்யமீனை வென்ற பின்னர், வெற்றிப்பாட்டுப் பாடாமல், தேவ சந்நிதியில் சாயங்காலமட்டும் அமர்ந்து அழுததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

இந்த ஆடிப் பதினெட்டுக்கும் ஓடாநிலை போவாராம். பதக்கத்தையும் வேட்டி முடிச்சில் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். கொண்டுபோங்கள் என்றேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய பொருளோ, பழைய பென்ஷன் காகிதமோ இருந்தால் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கொண்டுவாருங்கள்; அமர்ந்து பார்ப்போம். ஒரு வேண்டுகோள்: வருமுன் அதைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். எழுத்து அழிந்துவிடும்.