மேடையில் ஒரு தற்காப்புப் பாடம்: டீம் டிரெஷ் குழுவும் குயர் பங்க் மரபும்

1990களின் அமெரிக்கப் பெண்ணியப் பங்க் இசையை ஆராய்வோர் ரயட் கேர்ள் இயக்கத்தில் தொடங்கி, பிகினி கில் குழுவோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். பிகினி கில் இயங்கிய அதே வட்டாரத்தில் அதே ஆண்டுகளில் இயங்கிய டீம் டிரெஷ் அடிக்குறிப்பில் ஒதுங்கிக் கிடக்கிறது. தங்களை லெஸ்பியன்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட பெண்களின் குழு அது. அவர்களின் அரசியலைப் பாடல் வரிகளில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி அவர்கள் நடத்திய சிற்றிதழிலும், இசைத்தட்டு நிறுவனங்களிலும், மேடையைக் கையாண்ட விதத்திலும் இருக்கிறது.

இக்குழுவுக்கு இரண்டு முன்னோடி மரபுகளைச் சுட்டலாம். முதலாவது, 1973இல் தொடங்கப்பட்ட ஒலிவியா ரெக்கார்ட்ஸ். பாடுவது முதல் விற்பது வரை எல்லா வேலையையும் பெண்களே செய்த நிறுவனம் அது. இசை மென்மையானது; துணிவு பெரியது. இரண்டாவது, ஜெராக்ஸ் இயந்திரத்தில் பிறந்த குயர் சிற்றிதழ்கள். ஜி.பி. ஜோன்ஸும் புரூஸ் லாபுரூஸும் 1985இல் டொராண்டோவில் தொடங்கிய ‘ஜே.டி.ஸ்’, பங்க் உலகின் ஆண்மை மிடுக்கையும் ஓரினச் சேர்க்கையாளர் வெறுப்பையும் நேருக்கு நேர் சீண்டியது. 1988இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ‘ஹோமோகோர்’ வந்தது. டீம் டிரெஷ் குழுவின் டோனா டிரெஷ் நடத்திய ‘செயின்சா’ சிற்றிதழும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. பின்னர் அதே பெயரில் அவர் இசைத்தட்டுகளையும் வெளியிட்டார்.

இக்குழு இயங்கிய அமெரிக்க வடமேற்கில் சூழலும் கடுமையாக இருந்தது. தற்பாலீர்ப்பை இயல்புக்கு மாறானது என்று மாநில அரசமைப்பிலேயே எழுதிவைக்கக் கோரும் ‘ஒன்பதாம் முன்மொழிவு’ 1992 நவம்பரில் ஒரிகன் மக்கள் முன் வாக்கெடுப்புக்கு வந்தது. தோற்றது, ஆனால் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் அதை ஆதரித்திருந்தார்கள். பேருந்திலும் கடையிலும் பக்கத்தில் நிற்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் தன்னை இழிவென்று கருதுகிறார்கள் என்று தெரிந்தபின் ஒருவர் எப்படித் தெருவில் நடப்பார்? 1993 ஜூலையில், ‘தி கிட்ஸ்’ குழுவின் பாடகி மியா ஜபாட்டா சியாட்டிலில் இரவில் வீடு திரும்பும் வழியில் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய நண்பர்கள் ‘ஹோம் அலைவ்’ என்ற தற்காப்புப் பயிற்சி அமைப்பை உருவாக்கினார்கள். டீம் டிரெஷ் உருவானதும் அதே ஆண்டில்தான்.

டோனா டிரெஷ், ஜோடி பிளெய்ல், காயா வில்சன், மார்சி மார்ட்டினெஸ் ஆகியோரின் முதல் தொகுப்பு ‘பர்சனல் பெஸ்ட்’ 1995இல் வந்தது. டிரெஷின் செயின்சாவும் பிளெய்லின் கேண்டி ஆஸ் நிறுவனமும் அதைச் சேர்ந்து வெளியிட்டன. காதலும் அச்சமும் ஒரே மூச்சில் வரும் பாடல்கள் அவை.

என்னை அதிகம் ஈர்ப்பது அதே ஆண்டில் கேண்டி ஆஸ் வெளியிட்ட ‘ஃப்ரீ டு ஃபைட்’ தொகுப்பு. பல குழுக்களின் பாடல்களுக்கு நடுவே தற்காப்புப் பாடங்களும் பெண்களின் அனுபவங்களும் அதில் ஒலிக்கின்றன. நிகழ்ச்சிகளிலும் பயிற்சியாளர் மேடையேறிச் செய்துகாட்டினார். ஒருவன் மணிக்கட்டைப் பிடித்தால், அவனுடைய கட்டைவிரல் இருக்கும் பக்கமாகக் கையைத் திருப்பி இழுக்க வேண்டும். பிடி தளர்வது அங்கேதான். தற்காப்பு வகுப்புகளில் முதலில் சொல்லித்தரும் எளிய பாடம் இது. கிதார் ஒலிக்கும் இடத்தில் இத்தகைய பாடத்தை நடத்துவதை நான் பெரிய அழகியல் முடிவாகவே கருதுகிறேன். பாட்டு கேட்க வந்த பெண், வீட்டுக்குத் தனியே திரும்பப்போகிறவளும்கூட என்பதை அந்த மேடை மறக்கவில்லை.

கிளைகள் வேகமாகப் பரவின. ஸ்லீட்டர்-கின்னி குழுவின் ‘கால் தி டாக்டர்’ தொகுப்பு 1996இல் செயின்சா வழியாக வந்தது. காயா வில்சனும் டாமி ரே கார்லண்டும் தொடங்கிய மிஸ்டர் லேடி நிறுவனம் 1999இல் லெ டிக்ர் குழுவின் முதல் தொகுப்பை வெளியிட்டது. ஆனால் இந்த மரபில் ஒரு காயமும் உண்டு. பிறப்பால் பெண்ணானவர்களுக்கே உரியது என்று சொல்லித் திருநங்கையரை விலக்கிய மிச்சிகன் பெண்கள் இசைவிழாவில் லெ டிக்ர் பாடியது; அதற்காகக் கடும் விமர்சனத்தையும் சந்தித்தது. அந்த விமர்சனம் நியாயமானது.

ஆனால் பின்னாளில், ரயட் கேர்ளின் ஊரான ஒலிம்பியாவிலேயே, ‘கிளாஸ்’ என்ற பங்க் குழுவில் திருநங்கை ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். 2016இல் எபிடாஃப் இசைத்தட்டு நிறுவனம் அக்குழுவுக்கு 50,000 டாலர் ஒப்பந்தத்தை நீட்டியது. அந்நிறுவனத்தின் விநியோகம் வார்னர் குழுமத்தின் கையில் இருந்ததையும் ஒரு காரணமாகச் சொல்லி, கிளாஸ் குழுவினர் கையெழுத்திட மறுத்துவிட்டார்கள்.