ஸ்டெம் செல் எதுக்கு? மயலோமா சிகிச்சையின் கதை

மல்டிபிள் மயலோமா பத்திப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும் புற்றுநோய் இது. எலும்பை அரிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

'ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை'ன்னு சொன்னதும், புது செல்கள் உள்ளே போய் நோயோட சண்டை போடும்னு தோணும். ஆனா நோயைக் கொல்வது மெல்ஃபலான் என்ற மருந்து. அந்த மருந்திடமிருந்து நோயாளியைக் காப்பாற்றத்தான் ஸ்டெம் செல்.

கதை போர்க்களத்தில் தொடங்குது. முதல் உலகப் போரில் வீசப்பட்ட கடுகு வாயு, மஜ்ஜையையும் அழித்தது. அதன் உறவுக்கார ரசாயனம்தான் 1940களில் முதல் கீமோ மருந்தானது. 1953இல் லண்டனில் பெர்கெல், ஸ்டாக் இருவரும் அதை ஓர் அமினோ அமிலத்தோடு இணைத்தார்கள். அதுதான் மெல்ஃபலான். பல வருஷம் மாத்திரையாகக் கொடுத்தார்கள். நோய் அடங்கும், முழுசா மறைவது அபூர்வம்.

1983இல் இங்கிலாந்தின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் டிம் மெக்எல்வெய்ன், ரே பவுல்ஸ் இருவரும், 9 பேருக்கு மிக அதிக டோஸை நரம்பு வழியாக ஏற்றியதை வெளியிட்டார்கள். 3 பேருக்கு நோயின் தடயமே இல்லை! ஆனா மஜ்ஜையும் சேர்ந்து கருகிடும். வெள்ளணுக்கள் இல்லாத அந்த வாரங்களில் சாதாரண கிருமித்தொற்றே உயிரை எடுக்கலாம்.

இதுக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் பார்ட் பார்லோகி. நோயாளியோட சொந்த மஜ்ஜையை முன்னாடியே எடுத்து உறைய வைக்கணும். மெல்ஃபலான் உடம்பில் சில மணி நேரம்தான் வேலை செய்யும். அது போன பிறகு மஜ்ஜையைத் திருப்பி ஏற்றணும். ரத்தத்தில் விட்டால் போதும், ஸ்டெம் செல்களுக்கு எலும்புக்குப் போகும் வழி தெரியும். சுமார் 2 வாரத்தில் புது ரத்த அணுக்கள் வரத் தொடங்கும். பின்னாளில் இடுப்பெலும்பைத் துளைக்காமல், ரத்தத்திலிருந்தே சேகரிக்கும் முறை வந்தது.

நிரூபணம் 1996இல் வந்தது. பிரான்ஸில் மிஷேல் அத்தாலின் குழு 200 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டது. 5 ஆண்டு உயிர்வாழும் வாய்ப்பு, பழைய கீமோவில் 12 சதவீதம். இந்த முறையில் 52 சதவீதம்.

இருந்தும் பெரும்பாலோருக்கு நோய் திரும்புது. உடம்பில் தப்பிய செல்கள் மறுபடி வளர்ந்துவிடும். அதனாலதான் இன்னைக்கு புது மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கிறாங்க.

உங்க வீட்டில் யாருக்காவது டாக்டர் இதைப் பரிந்துரைத்தால், 'டோனருக்கு எங்கே போறது?'ன்னு பதறாதீங்க. பெரும்பாலும் டோனர் அவங்களேதான். இதயமும் சிறுநீரகமும் இந்த டோஸைத் தாங்குமான்னு முதல்ல கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.