பதினைந்து நிமிடத் தட்டு

1979 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து எங்கிள்வுட் ஊரிலிருந்து ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற இசைத்தட்டு விற்பனைக்கு வந்தபோது, பின்னாளில் ஹிப்-ஹாப் என்று உலகம் அறிந்த கலைக்கு ஆறு வயது நிறைந்திருந்தது. பிறர் பாடிய தட்டுகளையே வாத்தியமாகக் கொண்டு வளர்ந்த அக்கலைக்கு, அந்த ஆறு ஆண்டுகளில் தனக்கென ஒரு தட்டு வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறப்பிடம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி என்பர். ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் தம் தங்கை ஏற்பாடு செய்த கொண்டாட்டத்துக்குத் தட்டுகளை ஓட்டியதைத் தொடக்கநாளாகக் கொள்வது வழக்கம். பாட்டும் பிற வாத்தியங்களும் ஒதுங்கித் தாளம் மட்டும் தனித்து முழங்கும் சில நொடிகளுக்காகவே ஆடுவோர் காத்திருப்பதைக் கவனித்த அவர், ‘பிரேக்’ எனப்படும் அந்த நொடிகளை, ஒரே தட்டின் இரு படிகளை இரு டர்ன்டேபிள்களில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அதைத் துல்லியமான வித்தையாக்கினார். தட்டின் நடுவிலுள்ள காகித வட்டத்தில் மெழுகு வண்ணக்குச்சியால் கோடிட்டு, எத்தனை சுற்று பின்னுக்குத் திருப்பினால் தாளம் தொடங்கிய இடம் வரும் என்பதை அவர் அந்தக் கோட்டைப் பார்த்தே கணித்தார். இப்படி நீண்டுகொண்டே போகும் தாளத்தின்மேல், மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை எதுகைபட அழைத்தும் உசுப்பியும் பேசியவர்கள் எம்.சி. எனப்பட்டார்கள், அந்தப் பேச்சே ராப். இரவு முழுதும் நீளும் இந்நிகழ்ச்சி கேசட்டில் பதிவாகிக் கைமாறியதுண்டு என்றாலும், அதைக் கடையில் விற்கும் பண்டமாக எண்ணிப் பார்ப்பது அதில் முன்னணியில் நின்றவர்களுக்கே கடினமாக இருந்தது.

அப்படி எண்ணிப் பார்த்தவர் சில்வியா ராபின்சன். 1956இல் ‘மிக்கி அண்ட் சில்வியா’ என்ற இணையில் ஒருவராகவும், 1973இல் ‘பில்லோ டாக்’ பாடலின்மூலம் தனியாகவும் புகழ்பெற்ற இவர், கணவர் ஜோ ராபின்சனுடன் நடத்திவந்த தட்டு நிறுவனம் நொடித்திருந்த வேளையில், ஹார்லெம் மன்றமொன்றில் லவ்பக் ஸ்டார்ஸ்கி தட்டுகளை ஓட்டியபடியே பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டதைக் கண்டார். ஹார்லெமின் செல்வாக்கான ஒரு பகுதியின் பெயரைத் தாங்கிய ஷுகர் ஹில் நிறுவனம் அதையொட்டித் தோன்றியது. பாடகியாகவும் தயாரிப்பாளராகவும் கால் நூற்றாண்டு பழகிய செவி இல்லாதிருந்தால், அந்தப் பேச்சில் ஒரு பாட்டு இருப்பது அவருக்குப் புலப்பட்டிருக்காது.

ஆனால் அவர் திரட்டிய மூவரும் பிராங்ஸின் மேடைகளில் பெயர் எடுத்தவர்கள் அல்லர். எங்கிள்வுட் பீட்சா கடையொன்றில் வேலை பார்த்த பிக் பேங்க் ஹாங்க், கடைவாசலில் நின்ற காரில் அமர்ந்து ராப் செய்துகாட்டித் தேர்வானார். ஒண்டர் மைக், மாஸ்டர் ஜீ ஆகிய இருவரும் அங்கேயே சேர்ந்துகொண்டனர். பிற பதிவுகளின் துண்டுகளை வெட்டி ஒட்டித் தரும் கருவிகள் அன்று எட்டும் விலையில் இல்லை. ஆகவே, ஆகஸ்டில் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடத்தில் இருந்த, ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாடலின் பாஸ் கிட்டார் நடையை வாத்தியக்காரர்கள் பிசகாமல் கால் மணி நேரம் திரும்பத் திரும்ப வாசிக்க, அதன்மேல் மூவரும் முறைவைத்துப் பேசினர். தட்டின் முழு வடிவம் 14 நிமிடம் 35 நொடி ஓடியது.

அந்த நீளத்தை 7 அங்குலச் சிறு தட்டு தாங்காது. டிஸ்கோ மன்றங்களுக்காக உருவாகி, 1976இல் சால்சோல் நிறுவனத்தின் ‘டென் பெர்சென்ட்’ பாடலுடன் கடைகளுக்கும் வந்துவிட்ட 12 அங்குலத் தட்டில், ஊசி ஓடும் வரிகளை அகலமாகப் பொறிக்க இடமிருந்ததால் நீண்ட பாடலும் கனத்த பாஸ் ஒலியும் ஒருங்கே அடங்கின. அந்த வடிவமே ராப்புக்கு வாய்த்தது.

முதல் ராப் தட்டு என்ற பெருமை ‘ராப்பர்ஸ் டிலைட்’டுக்கு உரியதன்று, ஃபேட்பேக் குழுவின் ‘கிங் டிம் III’ அதே ஆண்டில் சற்று முன்னரே வந்துவிட்டது. ஆனால் அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 36ஆம் இடத்தையும் பிரிட்டனில் 3ஆம் இடத்தையும் எட்டி, ராப்பைக் கடல்கடந்து கொண்டுசேர்த்தது ‘ராப்பர்ஸ் டிலைட்’டே. ஷீக்கின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் உரிமை கோரியபின், ஆக்கியோர் வரிசையில் அவர்கள் பெயர்கள் ஏறின.

அவ்வாறு ஏறாத பெயர் ஒன்று உண்டு. கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற பிராங்ஸ் எம்.சி.யின் நிகழ்ச்சி அலுவல்களைக் கவனித்துவந்த ஹாங்க், கேஸின் கவிதை நோட்டுப் புத்தகத்தை வாங்கிப்போய் அதிலிருந்தவற்றையே பதிவில் சொன்னார். கேஸுக்கு அப்போது கேஸனோவா ஃபிளை என்றும் பெயர் இருந்தது. அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பகுதியைக்கூட மாற்றாமல் ஹாங்க் அப்படியே ஒப்பித்தார். திருத்துவதற்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்த இடம் அது. உலகமெங்கும் சுழன்ற தட்டில் கேஸின் பெயர் ஒலித்தது. நடுவட்டத்தில் அது அச்சாகவில்லை. உரிய பணமும் அவருக்குப் போய்ச்சேரவில்லை. எழுதியவன் யார் என்பதைக் கூட்டமே அறிந்திருந்த மேடையில் எழாத வழக்கு, அறியாதவர் காசு கொடுத்து வாங்கும் தட்டில்தான் எழுந்தது.

தட்டை ஓட்டிய கையும் அதே வணிகத்தில் பின்னுக்குப் போனது. 1980இல் ஷுகர் ஹில்லில் சேர்ந்த ஃபிளாஷின் பெயரும் அவருடைய குழுவின் பெயரும் தாங்கி 1982இல் வெளிவந்த ‘தி மெசேஜ்’ பாடலில், அவருடைய டர்ன்டேபிள் ஒலிக்கவே இல்லை. அதற்கு ஓராண்டு முன்னர் ஒரேயொருமுறை நிறுவனம் அவருக்கு இடங்கொடுத்திருந்தது. அப்போது மூன்று டர்ன்டேபிள்களை முன்னே வைத்து அவர் பதிந்த ஏழு நிமிடச் சொச்சத்தில், வாத்தியக்காரர்கள் போலச்செய்து வாசிக்காத, ஷீக் குழுவே வாசித்த ‘குட் டைம்ஸ்’ தட்டு அவர் விரலடியில் முன்னும் பின்னும் திரும்புவதைக் கேட்கலாம்.