கோயில் மண்டபத்தில் வளர்ந்த மேடைத் தமிழ்

சபை நடுவே எழுந்து பேசும் ஆற்றல் பிறவியிலே வருவதா, பயிற்சியினாலே வருவதா என்பது பலர்க்கும் உள்ள ஐயம். இதற்கு யாழ்ப்பாணத்து வரலாறு தெளிவான விடை ஒன்றைத் தருகின்றது.

1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுகம் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் நாவலர் என்று உலகம் போற்றியவர் இவரே.

அதற்கு முன்னரும் கோயில்களிலே சொல் ஒலித்தது. ஒருவர் புராணச் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பொருள் விரிப்பார். அங்கே நூல் முன்னே செல்லும். பேசுபவர் அதன் பின்னே செல்வார். பிரசங்கமோ வேறு. பேசுபவர் தாமே ஒரு பொருளைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அதனை வகுத்தல் வேண்டும். சான்று காட்டல் வேண்டும். கேட்போரை ஒரு முடிபுக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இம்முறையை நாவலர் கண்டறிந்த இடம் வெஸ்லியன் மிசன் பாடசாலை. அங்கே ஆசிரியராயிருந்த அவர், பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தார். சொல்லையும் பொருளையும் நிறுத்துப் பார்க்கும் தொழில் அது. மிசனரிமார் மக்களை நோக்கிப் பேசிய முறையையும் அவர் உற்றறிந்தார். தம் சமயம் தளர்கின்றதெனக் கவன்றவர், எதிர்த்தரப்பின் கருவியையே தம் சமயத்துக்குக் காவலாக்கினார். வெள்ளிதோறும் பிரசங்கம் தொடர்ந்தது. நண்பர் கார்த்திகேய ஐயரும் உடன் பேசினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது.

படிப்பவன் விளங்காத வரியை மீண்டும் படிப்பான். கேட்பவனுக்கு அவ்வசதி இல்லை. ஆதலின் மேடை வாக்கியம் ஒருமுறை கேட்டவுடன் விளங்குதல் வேண்டும். 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம் முதலிய நாவலரின் உரைநடை நூல்களிலே இத்தெளிவைக் காணலாம். தமிழ் அச்சிலே நிறுத்தக் குறிகளைப் பரவச் செய்தவர்களுள் அவர் முன்னிற்பவர். நிறுத்தக் குறி என்பது பேசுவோன் மூச்செடுக்கும் இடத்தைத் தாளிலே பதித்தலன்றி வேறென்ன?

அவர் சாதி வரம்பைத் தகர்த்தவர் அல்லர். அவர் அமைத்த சபை எல்லார்க்கும் ஒப்பத் திறந்ததும் அன்று. இக்குறையை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. ஆயினும், கருவி ஒருமுறை உருவானபின் அது ஒருவர் கையிலே அடங்கி நிற்பதில்லை. 1879இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் செல்லல் வேண்டும் என்று ஆதரித்து நின்றவரும் நாவலரே. சமயம் பேசிய நா அரசியலும் பேசியது. அவ்வாண்டு டிசம்பரிலே அவர் மறைந்தார். பின்வந்த காலத்திலே அவர் எண்ணியிராத பலரும் மேடையேறினர். அவர் ஒப்பாதவற்றையும் அத்தமிழிலேயே உரைத்தனர்.

பேச விழைவோர் இதனின்றும் கொள்ளத்தக்கது யாது? ஒரு பொருளைத் தெரிக, அதனை ஒழுங்குபடுத்துக, எழுதியதை வாய்விட்டு வாசித்துச் செவிக்குப் பொருந்தாததை நீக்குக, கிழமை தவறாது பயில்க. யாவற்றுக்கும் முன்னே, சொல்லியே ஆகவேண்டிய ஒன்று நெஞ்சிலே இருத்தல் வேண்டும். அஃதின்றேல் பயின்ற நாவும் பயனின்றி ஒழியும்.