பூஜ்ஜியம் கிலோ இலை

கீழ் கோத்தகிரிப் பக்கம் மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் முதலில் எதிர்மலை காணாமல் போகும், அடுத்து செல்போன் சிக்னல். சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவருக்காக, பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகைக்கு ஒரு சின்ன செயலி எழுதிக் கொடுத்தேன். தராசிலிருந்து எடையை வாங்கி, விவசாயியின் கணக்கில் சேர்த்து, சர்வருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். மாதக் கடைசியில் ஒரு அம்மா பில்லோடு வந்து நின்றார். "தம்பி, அன்னிக்கு நாப்பத்திரண்டு கிலோ போட்டேன். இதுல சைபர்னு இருக்கு."

நிரலைத் திறந்தேன். தராசைப் படிக்கும் இடம், கணக்கைத் தேடும் இடம், சர்வருக்கு அனுப்பும் இடம் என்று முப்பது இடங்களில் ஒரே ட்ரை-கேட்ச் துண்டைக் காப்பியடித்து ஒட்டியிருந்தேன். ஏதாவது தப்பாகப் போனால் லாகில் ஒரு வரி எழுது, பூஜ்ஜியத்தைத் திருப்பிக் கொடு. அன்று தராசின் இணைப்பு ஒரு கணம் அறுந்திருக்கிறது. நிரல் நிற்கவில்லை. அந்தப் பூஜ்ஜியத்தையே எடை என்று நம்பி மேலே அனுப்பிவிட்டது. நல்லவேளை, கொட்டகையில் பழைய பழக்கத்தில் நோட்டிலும் எழுதியிருந்தார்கள்.

திருத்த உட்கார்ந்தபோதுதான், இந்தத் துண்டை ஏன் இத்தனை முறை எழுதுகிறோம் என்று யோசித்தேன். இந்தக் கேள்விக்கு அறுபது வருட வரலாறு இருக்கிறது.

ஆரம்பத்தில் ஒரு ஃபங்ஷன் தோற்றால் ஏதோ ஒரு எண்ணைத் திருப்பித் தரும். அழைத்தவர் ஒவ்வொரு முறையும் அதைச் சோதிக்க வேண்டும். மறந்தால் போச்சு. 1960களில் ஐபிஎம்மின் பிஎல் ஒன் மொழி, இன்ன கோளாறு வந்தால் இதைச் செய் என்று தனியாகச் சொல்லிவைக்க வழி தந்தது. 1975இல் ஜான் குடினஃப் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இது: கோளாறைக் கண்டுபிடிக்கும் இடம் வேறு, என்ன செய்வதென்று தெரிந்த இடம் வேறு. தராசைப் படிக்கும் ஃபங்ஷனுக்கு இணைப்பு போனது தெரியும். மறுபடி எடை போடுவதா, பில்லையே நிறுத்துவதா என்று அதற்கு எப்படித் தெரியும்? அதே பத்தாண்டில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவின் குழு சிஎல்யூ மொழியில், ஒரு ஃபங்ஷன் என்னென்ன எக்செப்ஷனை எழுப்பும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வைத்தது.

1996இல் வந்த ஜாவா இதைக் கண்டிப்பாக்கியது. அறிவிக்கப்பட்ட எக்செப்ஷனைப் பிடி, இல்லையென்றால் மேலே அனுப்புவதாகச் சொல், இரண்டும் இல்லாமல் கம்பைல் ஆகாது. எண்ணம் நல்லதுதான். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு வேலையை முடிக்க நினைப்பவன் என்ன செய்வான்? கம்பைலர் வாயை மூட ஒரு காலி கேட்சைப் போடுவான். நானும் அதைத்தான் செய்தேன்.

பிறகு மொழிகளே இந்தச் சுமையைக் குறைக்க முயன்றன. 2011இல் ஜாவா 7, பல எக்செப்ஷன்களை ஒரே கேட்சில் பிடிக்கவிட்டது. 2016இல் ரஸ்ட் ஒரே ஒரு கேள்விக்குறியால் பிழையை மேலே அனுப்ப வைத்தது. கோ மொழியில் 2019இல் இப்படி ஒரு சுருக்கம் முன்மொழியப்பட்டு, கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. எங்கே தோற்கலாம் என்பது படிப்பவர் கண்ணில் படவேண்டும் என்றார்கள் எதிர்த்தவர்கள். 2025இல் இந்த முயற்சியையே நிறுத்துவதாக அந்தக் குழு அறிவித்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பிடித்துவிடலாமா? 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதல் ஏரியன் 5 கிளம்பி, நாற்பது நொடியளவில் வெடித்தது. 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் எக்செப்ஷன் எழுந்தது. ஏரியன் 4இலிருந்து எடுத்து வைத்த நிரல் அது. கிளம்பிய பிறகு அந்தக் கணக்கால் எந்தப் பயனும் கிடையாது. ஆனால் அங்கே இருந்தது ஒரே விதி: எந்த எக்செப்ஷன் வந்தாலும் தகவல் சொல்லிவிட்டு நின்றுவிடு, மாற்றுக் கருவி பார்த்துக்கொள்ளும். மாற்றுக் கருவியிலும் அதே நிரல்தான். அது கொஞ்சம் முன்னாலேயே நின்றிருந்தது.

என் முப்பது கேட்சுகள் எது நடந்தாலும் ஓடின. அந்த ஒற்றை விதி எது நடந்தாலும் நின்றது. இந்தக் கோளாறுக்கு என்ன செய்யலாம் என்பதை இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் முற்றின இலையைப் பறிக்கும் கையே கழித்துவிடும். அதற்காக ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு ஃபேக்டரி கட்டுவதில்லை. வாட்டுவது, அரைப்பது எல்லாம் ஓரிடத்தில். நிரலையும் அப்படியே பிரித்தேன். தராசு அறுந்தால் மூன்று முறை முயல்வது அங்கேயே. மற்றதெல்லாம் எடை பில்லில் ஏறும் வாசலில் ஒரே ஒரு ஃபங்ஷனுக்குள். அங்கே எடை தெரியாதது வேறு, பூஜ்ஜியம் வேறு. முப்பது துண்டுகள் இரண்டாயின.

இப்போது இணைப்பு போனால் திரையில் பெரிதாக வருகிறது: "எடை வரலை, மறுபடி போடுங்க." நோட்டை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.