அந்நிய நகரத்து வாடகை வண்டி

அந்நிய தேசத்து நகரமொன்றில் இரவு வேளையில் வந்திறங்கும் பிரயாணிக்கு, வழி தெரியாத சங்கடத்தைவிட வாடகை தெரியாத சங்கடமே பெரிது என்பதைக் கடல் கடந்து போய்வந்தவர் எவரும் ஒப்புக்கொள்வர். அந்தச் சங்கடத்தைத் தீர்க்க மனிதர் செய்த ஏற்பாடுகளின் சரித்திரத்தை லண்டன் மாநகரத்திலே தொடர்ச்சியாகக் காணலாம்.

1634ஆம் ஆண்டில், கடலோடியாயிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் பெய்லி என்பவர், ஸ்டிராண்ட் வீதியில் மேபோல் கம்பம் நின்ற இடத்தில் நான்கு குதிரை வண்டிகளை நிறுத்தி, வண்டிக்காரர்களுக்குச் சீருடை அணிவித்து, நகரத்தின் இன்ன பகுதிக்கு இன்ன கூலி என்று முன்கூட்டியே வரையறுத்துக் கொடுத்தார். அதைக் கண்ட மற்ற வண்டிக்காரர்களும் அங்கேயே வந்து கூடி, அதே கூலிக்கு ஓட்டலாயினர். இன்று கைப்பேசித் திரை செய்யும் காரியத்தின் சாரம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

1907-ல் வாடகை மோட்டார் வண்டிகளுக்கு மீட்டர் கட்டாயமாயிற்று. ஆனால் மீட்டர் தூரத்தை அளக்குமேயன்றி, அவ்வளவு தூரம் சுற்றியிருக்க வேண்டுமா என்பதைச் சொல்லாது. அந்த ஐயத்துக்கு லண்டன் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்த மருந்து, ‘நாலெட்ஜ்’ என்னும் பரீட்சை. சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் எல்லைக்குள் அடங்கிய சுமார் 25,000 வீதிகளை மனனம் செய்வதற்காக, கைப்பிடியில் வழிக்குறிப்பைப் பொருத்திய சிறு மோட்டார் சைக்கிளில், மழையென்றும் குளிரென்றும் பாராமல் தெருத்தெருவாகச் சுற்றி, பிறகு பரீட்சகர் எதிரே அமர்ந்து, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் வழியை ஒவ்வொரு திருப்பமாகப் பெயர் சொல்லி ஒப்பிப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கிறவர்களைப் பற்றி அறியும்போது, வண்டியோட்டும் தொழிலை ஒரு சாஸ்திரமாகவே அவர்கள் பயில்கிறார்கள் என்று வியக்காதிருக்க முடியவில்லை.

2012-ல், கைப்பேசி வழியே வாடகை வண்டியை அழைக்க உதவும் ஊபர் நிறுவனம் லண்டனுக்கு வந்தது. ஞாபகசக்தியின் ஸ்தானத்தைச் செயற்கைக்கோள் வழிகாட்டி எடுத்துக்கொள்ள, பாஷை அறியாத பிரயாணியும் வாய் திறவாமலே போகுமிடத்தைக் குறித்து, நாளடைவில் கட்டணத்தையும் முன்னரே கண்டு, வண்டியின் எண்ணைச் சரிபார்த்து ஏறிக்கொள்ள முடிந்தது. இதை எதிர்த்து, 2014 ஜூனில் டாக்ஸிக்காரர்கள் மத்திய லண்டன் வீதிகளை வண்டிகளால் மறித்துக் கிளர்ச்சி செய்தனர். ஆண்டுக்கணக்கில் கற்ற வித்தைக்கு மதிப்புக் குறைவதைக் கண்டவர்களின் வேதனை நியாயமானதே. ஊபரின் புதிய ஓட்டுநர்களுக்கோ வேறொரு குறை: பிரயாணிக்கு நிம்மதி தந்த அந்த நிர்ணயக் கட்டணத்தில் அவர்களுக்குக் குரலே இல்லை. 2021 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், கட்டணத்தை நிறுவனமே நிர்ணயிப்பதை முக்கியக் காரணங்களுள் ஒன்றாக எடுத்துக்காட்டி, வழக்குத் தொடுத்த ஓட்டுநர்கள் சுயதொழில் புரிவோர் அல்லர், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கும் உரியவர்கள் என்று தீர்ப்பளித்தது.